மச்சானின் மைலேஜ்

அத்தியாயம் 5

திருடனைப் பிடித்துக் கொடுங்கள் என்று துப்பறிவாளர்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு. திருடன் என் மச்சான்தான், நானே பிடித்துவிட்டேன், நீங்கள் வந்து அதை வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டவர் அந்த லாரி முதலாளி ஒருவர்தான்.

"நான் சொன்னா குடும்பம் ரெண்டாயிடும் மேடம். வெளியாள் நீங்க சொன்னா அது தீர்ப்பு" என்று காரணமும் சொன்னார்.

அவருடைய ஷெட்டின் வாசலில் ஒரு பெரிய கரும்பலகை தொங்கியது. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவன் பெயரை எழுதி மாட்டுவார்களே, அந்த மாதிரி. ஒரு லிட்டர் டீசலுக்கு எந்த லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கை முதலாளி வாராவாரம் தன் கையால் சாக்பீஸ் பிடித்து எழுதுவார். எல்லா லாரிகளும் நான்கு, அல்லது நான்கை ஒட்டி. உச்சியில் ஒன்று மட்டும் நான்கு புள்ளி இரண்டு. அடியில் ஒன்று மூன்று புள்ளி நான்கு. அடியில் கிடந்த அந்த லாரியை ஓட்டுகிறவர் முதலாளியின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஷெட்டில் எல்லோருக்குமே அவர் மச்சான் ஆகியிருந்தார். முன்பு மரியாதையாகக் கூப்பிட்டார்கள். இப்போது அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

துப்பறிய வந்தவளுக்கு ஊரில் ஊசி என்று பெயர். அவள் கேள்வி கேட்டால் குத்திய இடம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலிக்கும். அவளுடைய உதவியாளன் வேறு யாருமில்லை, தாலி கட்டிய கணவனேதான். ஊசி போன வழியே நூலும் போகும் என்பதால் அவனுக்கு நூல் என்று பெயர் வைத்து ஊர் தன் கடமையை முடித்துக்கொண்டது. வீட்டுக்குள் அவன் "நீ, வா, போ" என்பான், அவள் "என்னங்க" என்பாள். வேலை என்று வாசற்படி தாண்டிவிட்டால் அவன் "பாஸ்" என்பான், அவள் "நூல்" என்பாள். இரண்டு பக்கத்திலும் தனக்கு ஓய்வு மட்டும் கிடையாது என்பது அவனுடைய நிரந்தரப் புகார்.

முதலாளி வழக்கை விளக்கினார். மழைக்காலம் வரை மச்சானின் வண்டியும் மற்ற வண்டிகளைப் போல நான்குதான் கொடுத்தது. அதற்குப் பிறகு விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. அது போதாதென்று, வேகமாக ஓட்டியதற்காகப் போக்குவரத்து போலீஸ் அவரைத் திரும்பத் திரும்ப மடக்கியது. ஒவ்வொரு தடவையும், வேகம் காட்டும் முள் ஐம்பதைத் தாண்டவே இல்லை என்று மச்சான் சத்தியம் செய்தார். வேகத்திலேயே இத்தனை பொய் சொல்லுகிற மனிதர் டீசலில் உண்மை சொல்வாரா என்று முதலாளி கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் தன் கண்ணைக்கூட இரண்டாவதாகத்தான் நம்புவார், முதலில் மீட்டர்.

"என் தங்கச்சி சொல்லிட்டா மேடம். அவர் இந்த கேட்டைத் தாண்டிப் போனா அவளும் பிள்ளைங்களும் பின்னாலயே போயிடுவாங்களாம். அப்புறம் அண்ணன்னு ஒருத்தன் செத்துட்டான்னு நினைச்சுப்பாளாம். சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க."

ஆக ஒரு மனிதரின் பேரும், ஒரு அண்ணன் தங்கை உறவும் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும் என்று ஏற்பாடு.

நூல் முதலில் தன் பாணியில் துப்பறிந்தான். லாரிக்கு அடியில் படுத்து டேங்கையும் குழாய்களையும் தடவிப் பார்த்தான். ஒழுக்கு இல்லை. சட்டைதான் போயிற்று. இன்ஜினை ஓடவிட்டுப் புகைக்குழாயின் வாயில் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தான். எரியாத டீசல் வெளியே வந்தால் புகை கறுப்பாக வரும், துணியில் கரி ஒட்டும். கைக்குட்டை கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"இன்ஜின் சாப்பிட்டதை ஒழுங்காச் செரிக்குது பாஸ். எனக்கே இப்படிச் செரிக்காது" என்றான்.

இன்ஜின் மேலும் தப்பில்லை, டேங்க் மேலும் தப்பில்லை என்றால் மிச்சம் இருப்பது மனிதன்தான் என்று முதலாளி தலையை ஆட்டினார். தன் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்த ஆட்டம் அது.

மச்சான் வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவர்கள் ஒன்று கத்துவார்கள், இல்லை அழுவார்கள். இவர் இரண்டும் செய்யாமல், யாரும் தன்னை நேராகப் பார்க்காத இடமாகப் பார்த்து நின்றார். அது நூலுக்கு என்னவோ செய்தது. வண்டி எப்படி ஓடுகிறது என்று ஊசி கேட்டாள். திருடினாயா என்ற கேள்விக்கே பதில் சொல்லிப் பழகியிருந்தவருக்கு அந்தக் கேள்வி புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"சமமான ரோட்டுல பறக்குதும்மா. மேடு வந்தாத்தான் மூச்சு வாங்குது. முன்னல்லாம் அப்படி இல்ல."

ஊசி தலையாட்டிவிட்டு, பலகையில் முதலிடத்தில் இருக்கிறவர் யார் என்று முதலாளியிடம் கேட்டாள். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு நிதானம் என்று பெயர். பெயருக்கேற்ற மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, அலட்டாத நடை, எங்கே போனாலும் கடைசியாகத்தான் வருவார், ஆனால் டீசலைச் சொந்த ரத்தம் மாதிரி சேமிப்பார். முன்பு அவரும் மற்றவர்கள் மாதிரி நான்கில்தான் கிடந்தார். மழைக்காலத்துக்குப் பிறகு ஒரே ஏற்றம்.

"ஒருத்தர் கெட்டுப்போன அதே சமயத்துல இன்னொருத்தர் திருந்தினார் பாருங்க. ஆண்டவன் கணக்கு" என்றார் முதலாளி.

"ஆண்டவனும் சாக்பீஸ்லதான் எழுதுவாரா?" என்று நூல் கேட்டான். ஊசி அவன் காலை மிதித்தாள். பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். மோசமான வண்டி எவ்வளவு மோசம் என்று தெரிய வேண்டுமானால் நல்ல வண்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு லாரிகளிலும் ஒரே எடை சிமென்ட் கல். ஒரே கட்டிடத்துக்கு, ஒரே பாதையில், முன்னும் பின்னுமாகப் போய்த் திரும்ப வேண்டும். கிளம்பும் முன் ஷெட்டின் பம்பில் இரண்டு டேங்கையும் கழுத்து வரை நிரப்பி மூடிகளை ஒட்டி வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி கழுத்து வரை நிரப்பினால், ஊற்றிய அளவுதான் வண்டி குடித்த அளவு. மச்சானோடு ஊசி உட்காருவாள், நிதானத்தோடு நூல்.

அந்த ஷெட்டில் இரண்டு லாரிகள் ஒரே இடத்துக்குச் சேர்ந்து போகும் வழக்கம் இல்லை. இன்றைக்கு ஒரு கட்டிடம், நாளைக்கு வேறொரு கட்டிடம். எந்த இடம் எவ்வளவு தூரம் என்று தனியாக யாரும் அளந்ததும் இல்லை. மீட்டர் சொன்னதுதான் தூரம். முதலாளி கொஞ்சம் யோசித்தார், பிறகு தன் வைரத்தைக் கரியோடு சேர்த்து வைத்துக் காட்டும் ஆசையில் சம்மதித்தார்.

நிதானத்தின் பக்கத்தில் உட்கார்ந்து போவது ஒரு பாடம் கேட்பது போலிருந்தது. பெடலை மிதிக்கக் கூடாது, தடவ வேண்டும். பிரேக் போடுகிறவன் எரித்த டீசலுக்குக் கருமாதி செய்கிறவன். முன்னால் சிக்னல் சிவப்பானால் தூரத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும். அவர் சொன்னது மட்டுமல்ல, அப்படியே ஓட்டவும் செய்தார், இன்றைக்கு ஆள் பார்க்கிறது என்பதால் இன்னும் ஒரு சுற்று மெருகோடு. நூலுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மச்சானை நினைத்து வருத்தமும் வந்தது. இப்படிப்பட்டவர் எதிரில் அந்த மனிதர் எங்கே தேறுவார்.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. முள் அறுபதில் நின்றது. ஆனால் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து, திட்டி, தாண்டிப் போயின. கோழிக்கூண்டு ஏற்றிய ஒரு சின்ன வேன்கூடத் தாண்டிப் போயிற்று. கோழிகள் திரும்பிப் பார்த்தது போல அவனுக்குத் தோன்றியது.

"அறுபதுல போற நம்மளையே கோழி வண்டி முந்துதுன்னா அது எத்தனையில போகுது சார்?" என்று கேட்டான்.

"அவசரம்தான் சார் டீசலைக் குடிக்கும். போறவன் போகட்டும்" என்றார் நிதானம். அவ்வளவு மெதுவாகப் போகும்போதும் இன்ஜின் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறது என்று கேட்க நினைத்தான், மறந்துவிட்டான். ஏனென்றால் மேடு வந்தது, கல் ஏற்றிய அந்த லாரி ஆடு ஏறுவது போல அலட்டாமல் ஏறியது. வியந்ததில் தாகம் எடுத்தது. காலடியில் ஒரு பிளாஸ்டிக் கேன் உருண்டுகொண்டிருந்ததை எடுக்கப் போனான். அது குடிக்கிற தண்ணீர் இல்லை, ரேடியேட்டருக்கு என்று நிதானம் தடுத்து, அடுத்த கடையில் நிறுத்தி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒரு மனிதரா என்று நூல் உருகிவிட்டான்.

கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மச்சானின் லாரி ஓரங்கட்டி நின்றது. போக்குவரத்து அதிகாரி ஒருவர் கையில் வேகம் பார்க்கும் கருவியோடு நிற்க, எதிரில் ஊசி இடுப்பில் கைவைத்து நின்றாள். வீட்டில் அந்த நிலையைப் பார்த்தால் நூல் பேசாமல் வேறு அறைக்குப் போய்விடுவான். இங்கே வேறு அறை இல்லை. இறங்கிப் போனான்.

முள் ஐம்பதைத் தாண்டவில்லை, நானே பார்த்துக்கொண்டு வந்தேன் என்று ஊசி சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி அலுத்துப்போன மனிதர். கருவியைத் திருப்பிக் காட்டினார். அதில் ஐம்பத்தெட்டு.

"இவர் எப்பவும் இதையேதான் சொல்வார்ம்மா. இன்னிக்குச் சாட்சியையும் கூட்டிட்டு வந்திருக்கார், அவ்வளவுதான் வித்தியாசம்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஊசி திடீரென்று சண்டையை விட்டுவிட்டாள். அதிகாரிக்கு நன்றி வேறு சொன்னாள். நூல் இரண்டடி பின்வாங்கினான். தன் மனைவி ஒரு சண்டையைப் பாதியில் விட்டால், மீதியை வேறெங்கோ வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று அர்த்தம். "நீங்க எத்தனையில வந்தீங்க?" என்று அவனிடம் கேட்டாள். அறுபது என்றான். அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று சொல்லவில்லை.

கல்லை இறக்கிவிட்டுத் திரும்பும்போது டீயும் வெயிலும் சேர்ந்து நூலைத் தூக்கத்தில் தள்ளின. கண் விழித்தபோது ஷெட் வந்திருந்தது. மச்சானின் லாரி எப்போதோ வந்து நின்றிருந்தது. வழக்கம் போலத்தான்.

பம்புக்காரர் முதலில் மச்சானின் டேங்கை நிரப்பினார். முப்பது லிட்டர் பிடித்தது. மீட்டரில் ஓடியிருந்த தூரம் நூற்றிமூன்று. நூல் வகுத்தான். அவனுக்கு வகுத்தல் வரும், அது ஒன்றுதான் வரும் என்று ஊசி சொல்வாள். மூன்று புள்ளி நான்கு.

முதலாளி பலகையைப் பார்த்தார், அங்கேயும் அதே மூன்று புள்ளி நான்கு.

"உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இப்படின்னா, நீங்க இல்லாதப்போ என்ன நடக்கும்?" என்று ஊசியைக் கேட்டார். அந்தக் கேள்வியில் உள்ள ஓட்டை அவருக்குத் தெரியவில்லை. நூலுக்கும்தான்.

அடுத்து நிதானத்தின் டேங்க். முப்பத்தொரு லிட்டர். மீட்டரில் நூற்றி நாற்பது. நூல் வகுத்தான், சந்தேகம் வந்து இன்னொரு தடவை வகுத்தான். நான்கு புள்ளி ஐந்து. அந்தப் பலகை பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. முதலாளி தானே ஓடிப்போய் சாக்பீஸை எடுத்து நான்கு புள்ளி இரண்டை அழித்துவிட்டு நான்கு புள்ளி ஐந்து என்று கொட்டை எழுத்தில் எழுதினார். டிரைவர்கள் கைதட்டினார்கள். நிதானம் கைகூப்பினார். மச்சான் வண்டிச் சாவியை எடுத்துப் பம்பு மேடையில் வைத்துவிட்டு, கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"சாவியை எடுத்துக்குங்க. உங்க வேலை இன்னும் முடியல" என்றாள் ஊசி.

அவள் முதலாளியிடமிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். இரண்டு வண்டியும் போன இடம் ஒன்று, போன பாதை ஒன்று, வந்த பாதை ஒன்று. ஒரு மீட்டர் நூற்றிமூன்று என்கிறது, இன்னொன்று நூற்றி நாற்பது என்கிறது. ரோடு ஆளுக்கு ஒரு நீளம் காட்டுமா என்று கேட்டாள். பாதையோரத்துக் கிலோமீட்டர் கற்களைத் தான் எண்ணிக்கொண்டே வந்ததாகவும், போக வர நூற்றி இருபது என்றும் சொன்னாள். நூல் மட்டும் ஏன் எண்ணவில்லை என்று அவள் கேட்காமல் விட்டது அன்றைய பெரிய கருணை.

நூற்றி இருபதை முப்பதால் வகுத்தால் நான்கு. முப்பத்தொன்றால் வகுத்தால் நான்குக்கு ஒரு நூலிழை குறைவு. அதாவது கடைசி இடத்து லாரியும் முதல் இடத்து லாரியும் குடித்தது ஏறக்குறைய ஒரே அளவு. பார்க்கப்போனால் மச்சானின் வண்டிதான் ஒரு வாய் குறைவாகக் குடித்திருந்தது.

முதலாளி தானும் ஒரு தடவை வகுத்துப் பார்த்தார். மீட்டர் பொய் சொல்லும் என்பதை ஏற்றுக்கொள்வது அவருக்கு, கிழக்கு மேற்காகிவிட்டது என்று கேட்பது போல. இரண்டு மீட்டரும் புதியது, பழுதே இல்லை என்றார் கடைசியில். பழுதில்லைதான், அது எண்ண வேண்டியதைச் சரியாகத்தான் எண்ணுகிறது, எண்ணுவது என்ன என்பதுதான் கேள்வி என்றாள் ஊசி. பிறகு பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டாள், நூலை மறுபடி லாரிக்கு அடியில் போகச் சொன்னாள். சட்டை ஏற்கெனவே போனதுதானே என்று அவனுக்கே ஒரு சமாதானம்.

இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளமான இரும்புத் தண்டு போகிறது. அந்தத் தண்டின் மேல் ஒரு கோடு, சக்கரத்தின் மேல் ஒரு கோடு, சாக்பீஸால். நியூட்ரலில் போட்டு நான்கு பேர் வண்டியை மெல்லத் தள்ளினார்கள். சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு எத்தனை தடவை சுற்றுகிறது என்று நூல் அடியிலிருந்து கத்த வேண்டும். மச்சானின் வண்டியில் ஆறு. நிதானத்தின் வண்டியில் ஏழு.

மேஸ்திரியின் முகம் வெளிறியது. ஊசி கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டார். தண்டு சுற்றுவதைச் சக்கரத்துக்கு மாற்றிக் கொடுக்கிற பல்சக்கரத்துக்கு கிரவுன் என்று பெயர். மச்சானின் வண்டி கல்குவாரி மேட்டுக்கென்று வாங்கியது, அதற்கு ஏழு சுற்றுக் கிரவுன். நிதானத்தின் வண்டி நெடுஞ்சாலைக்கு வாங்கியது, அதற்கு ஆறு. மழைக்கு முன்னால் இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, பேரிங் மாற்றி, கழுவித் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"கழுவினப்புறம் ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு மேடம். பல்லை எண்ணிப் பார்க்கல" என்றார்.

மீட்டர் சக்கரத்தை எண்ணுவதில்லை. தண்டைத்தான் எண்ணுகிறது. ஏழு சுற்றினால் இவ்வளவு தூரம் என்று பழகிய மச்சானின் மீட்டர், இப்போது அதே தூரத்துக்கு ஆறுதான் கிடைப்பதால் குறைத்துச் சொல்கிறது. முள்ளும் அப்படித்தான், ஐம்பது காட்டும்போது வண்டி ஐம்பத்தெட்டில் போகிறது. வேகத்திலும் டீசலிலும் பொய் சொன்னார் என்று இரண்டு குற்றம் சாட்டினீர்கள், இரண்டிலும் உண்மை சொன்னதால்தான் மாட்டிக்கொண்டார் என்றாள் ஊசி. நிதானத்தின் மீட்டர் இதற்கு நேர் எதிர், கூட்டிச் சொல்கிறது. அறுபதில் போன லாரியைக் கோழி வண்டி முந்திய கதை நூலுக்கு இப்போது விளங்கியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் ஒரு பல்சக்கரத்தின் மேல் போய் விழுந்ததில் ஷெட்டுக்கே மூச்சு திரும்பியது. முதலாளி ஓடிப்போய் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார், கண்ணீர் இந்தத் தடவை நிஜமாகவே வழிந்தது. மீட்டர்தான் திருடன், மனிதன் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நிதானம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"திருட்டு இருக்கு சார்" என்றாள் ஊசி.

சிரிப்பு நின்றது. அவள் பலகைக்குப் போய், முதலாளி அழித்த இடத்தில் நான்கு புள்ளி இரண்டு என்று மறுபடி எழுதினாள். மச்சானுக்கு அவள் பக்கத்தில் இல்லாத நாளிலும் மூன்று புள்ளி நான்கு, அவள் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலும் மூன்று புள்ளி நான்கு. பார்த்தாலும் அதே, பார்க்காவிட்டாலும் அதே. யோக்கியனுக்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நிதானத்துக்குத் தினமும் நான்கு புள்ளி இரண்டு, இன்றைக்கு மட்டும் நான்கு புள்ளி ஐந்து.

"இன்னிக்கு மட்டும் பக்கத்துல ஒரு ஆள். என் உதவியாளர் கனமான ஆள்தான். ஆனா அவர் ஏறினா டீசல் மிச்சமாகும்னு எந்த இன்ஜினும் சொல்லாது. மத்த நாள்ல அந்த டீசல் எங்க போச்சு?"

நிதானம் நிதானமாகவே பதில் சொன்னார். இன்றைக்குப் பரீட்சை என்பதால் கூடுதல் கவனமாக ஓட்டினேன் என்றார். முதலாளி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அப்போதுதான் நூலுக்கு ஒரு ஞானம் பிறந்தது. வண்டிக்குப் போய் காலடியில் உருண்ட அந்தக் கேனை எடுத்து வந்தான். மூடியைத் திறந்து முதலாளியின் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"ரேடியேட்டருக்குன்னு சொன்னார் சார். இந்த ரேடியேட்டர் டீசல் குடிக்கும் போல."

கேன் காலிதான். ஆனால் வாசனை காலியாகவில்லை. நிதானம் கேனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். வாக்குமூலம் பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டறையிலிருந்து வந்த பிறகு மீட்டர் கணக்குப்படி டீசல் மிஞ்சிக்கொண்டே வந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மிஞ்சியதில் பெரும்பகுதியைக் கேனில் எடுத்தார். யாருடையதையும் எடுத்ததாக அவருக்குத் தோன்றவில்லையாம், வண்டி தானாகக் கொடுத்ததாம்.

முழுதாக எடுத்திருந்தால் நான்கில் நின்றிருப்பீர்கள், யாரும் உங்கள் பக்கம் திரும்பியே இருக்க மாட்டார்களே என்று ஊசி கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"போர்டுல முதல்ல இருக்கிறதும் நல்லா இருந்துச்சும்மா" என்றார் அவர்.

முதலாளி அவரை என்ன செய்தார் என்பது சொல்லத் தேவையில்லாத விஷயம். சாவி பம்பு மேடைக்கு வந்தது, இந்தத் தடவை வேறொரு சாவி. பிறகு முதலாளி ஊசியிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, தங்கச்சியிடம் நீங்களே சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். வெளியாள் சொன்னால் தீர்ப்பு என்று காலையில் சொன்ன அதே குரல்.

"டீசல் கணக்கு எங்க வேலை. இது உங்களோடது" என்றாள் ஊசி. ஆனாலும் அவர் தனியாகப் போகப் பயந்ததால் கூடப் போனார்கள்.

வீடு ஷெட்டுக்குப் பின்னால்தான். கூட வந்த மச்சான் கைகால் கழுவப் போனார். வழி நெடுக அவர், பரவாயில்லை மச்சான், மீட்டர் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று முதலாளிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் கட்டி வைத்த பெட்டிகள் அப்படியே இருந்தன. தங்கை வாசற்படியில் வந்து நின்றாள். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். கிரவுனைச் சொன்னார், தண்டைச் சொன்னார், ஆறைச் சொன்னார், ஏழைச் சொன்னார், கிலோமீட்டர் கல் வரை ஒன்று விடாமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"இந்த ஆறு ஏழெல்லாம் உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும். சரி. அவரை எத்தனை வருஷமாத் தெரியும் அண்ணா?"

வகுக்கவும் பெருக்கவும் தெரிந்த முதலாளி இந்தக் கணக்கைத் தொடாமல், மச்சானே மன்னித்துவிட்டார் என்று முனகினார்.

"அவருக்கு நீங்க முதலாளி. மன்னிச்சுத்தான் ஆகணும். எனக்கு நீங்க அண்ணன். எனக்கு அந்தக் கட்டாயம் இல்ல. நாங்க எங்கயும் போகல, பயப்படாதீங்க. இங்கயேதான் இருப்போம்."

முதலாளி வாசலிலேயே நின்றார். நூல் ஏதாவது சொல்லிச் சூழ்நிலையைக் கலகலப்பாக்கலாமா என்று யோசித்து, ஊசியின் முகத்தைப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டான். மச்சானுக்குத்தான் மனசு கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, துண்டால் தட்டித் துடைத்து, மனைவியின் அண்ணனுக்கு வாசலில் போட்டார்.

தங்கை அதை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே, இருந்த இடத்திலேயே வைத்தாள்.